நாலாம் இலக்கச் சீமாட்டி

எழுநூறு வருடத்துக்கு முந்திச் செத்துப்போன ஒரு பல்கேரியச் சீமாட்டியின் உயரமும் கிளறாவின் உயரமும் ஒன்று என்பதைப் பேராசிரியை லா மந்தியா கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கிளறா அப்போது அவளுடைய குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேராசிரியை வாசலில் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு வெளியே வரச் சொன்னாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து கிளறாவின் தோளிலிருந்து குதிக்கால் வரைக்கும் பிடித்தாள். பிறகு, மாதா காட்சி கொடுத்தது போல நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

விசயம் இதுதான். லா மந்தியா பல்கலைக்கழகத்தில் பழைய காலத்து உடுப்புகளைப் பற்றிப் படிப்பிக்கிறவள். பல்கேரியாவின் மலையடிவாரத்துச் சின்னக் கோயில்களில், கோயில் கட்டக் காசு கொடுத்த பிரபுவையும் பெண்சாதியையும் சுவரில் ஆளுயரத்துக்குத் தீட்டி வைத்திருப்பார்கள். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயகாரரின் பெயரை எழுதுகிற நம்மவர் வழக்கத்துக்கு அது மூத்த அண்ணன். அப்படியான ஆறு பெண்சாதிமாரைப் பேராசிரியை பிடித்து வைத்திருந்தாள். அவர்கள் உடுத்ததில் ஒரு நூல்கூட மிச்சமில்லை. சுவரில் ஒட்டியிருக்கிற சாயம்தான் ஒரே சாட்சி. அந்தச் சாயத்தைப் பார்த்துப் பார்த்தே ஆறு உடுப்பையும் தைத்து, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம் ஒரு பழைய மாளிகையில் கண்காட்சி வைக்கப்போகிறாள். ஏழு வருட வேலை. நாலாவதை விட்டு மற்ற ஐந்து உடுப்பையும் தைத்துக் கொடுத்த பீனா என்கிற கிழவி பெப்ரவரியில் மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கிளறாவுக்குத் தைக்கத் தெரியும் என்பது பேராசிரியைக்கு ஒரு திரைச்சீலை விசயத்தில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. இப்போது உயரமும் சரியாக இருக்கிறது. தைக்கவும் ஆள், போட்டுப் பார்க்கவும் ஆள், அதற்குப் பிறகு குளியலறையையும் கழுவ ஆள்.

கிளறா ஒரு நிபந்தனை சொன்னாள். கண்காட்சிப் புத்தகத்தில் தன்னுடைய பெயர் வர வேண்டும். வெறும் பெயரில்லை, முன்னால் தொத்தொரேஸ்ஸா என்று போட்டு வர வேண்டும்.

இதைத் திமிர் என்று நினைக்கிறவர்கள் இத்தாலியில் இருந்து பார்க்கவில்லை. அந்த நாட்டில் பல்கலைக்கழகம் முடித்தவன் எவனும் தொத்தோரே, முடித்தவள் எவளும் தொத்தொரேஸ்ஸா. வங்கியில் முத்திரை குத்துகிறவன் தொத்தோரே. பேராசிரியையின் மேல்மாடியில் வேலை வெட்டியில்லாமல் நாயைக் கட்டிக்கொண்டு திரிகிறவனும் தொத்தோரே. அவனுடைய நாய்க்குக்கூட வாயிற்காவலன் பாதிக் கும்பிடு போடுவான். கிளறா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். ஷெல் விழாத நாள்களில் வகுப்பு, விழுந்த நாள்களில் படிப்பு. தகப்பன் பேனாட் கிழிந்த வலை பொத்துகிறவர், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கிறவர். அந்த வம்சத்தில் பட்டம் என்றால் அதுவரைக்கும் காற்றில் விடுகிறதுதான். இத்தாலிய மொழிபெயர்ப்பும் முத்திரையும் வைத்த அந்தச் சான்றிதழ் மூன்று வருடமாக மெத்தைக்குக் கீழே கிடந்தது. பலெர்மோவில் அதை வாசித்தது மூட்டைப்பூச்சிகள் மாத்திரம்.

பேராசிரியை சிரித்தாள். தையலுக்குப் பட்டம் எதற்கு என்று கேட்டாள். கிளறா வாளியைத் தூக்கவும், சரி, பார்ப்போம் என்றாள். இத்தாலியன் பார்ப்போம் என்றால் என்ன கருத்தென்று, விசாவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கிளறா தைக்க ஒப்புக்கொண்டாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் விமலராணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விமலராணி பெரியம்மாவின் மகள். பல்லரோச் சந்தைக்குப் பின்னால், வாளைமீன் வெட்டுகிறவனின் கூச்சல் நேராகக் கட்டிலுக்கு வருகிற மூன்றாம் மாடியில், புருசன் கொன்ஸ்ரன்ரைனோடு இருந்தாள். கிளறாவுக்கு முன்னறைக் கதிரைக் கட்டில். எட்டு வருடமாக மூன்று சினோராக்களின் வீடு துடைக்கிற விமலராணிக்குப் பெரிய மனிசரைப் பற்றிக் கனக்க அபிப்பிராயம் கிடையாது. பேராசிரியையின் பெயரில் பின்பாதியை மட்டும் எடுத்து, மந்தி என்றுதான் சொல்லுவாள்.

“மந்தி உனக்குப் பட்டம் தருவாவோடி? வாளி தந்ததே பெரிசு.”

“அக்கா, அவ தரத் தேவையில்லை. என்னட்டை இருக்கு. அச்சடிச்சால் போதும்.”

கொன்ஸ்ரன்ரைனுக்கு வேறு கவலை. “பெர்மெஸ்ஸோ விசாத் தாளிலை வீட்டு வேலை எண்டுதானே அடிச்சிருக்கு. புத்தகத்திலை வேறை மாதிரி வந்தால் பிடிக்க மாட்டானே?”

“பிடிக்கட்டும் அத்தான். பிடிக்கேக்கை தொத்தொரேஸ்ஸா எண்டு கூப்பிட்டுப் பிடிக்கட்டும்.”

கிளறாவுக்கு வந்து சேர்ந்தவள் நாலாம் இலக்கச் சீமாட்டி. மெலிந்த முகம், நீண்ட கழுத்து, கீழுதட்டில் ஒரு சலிப்பு. சிவப்பு மேலங்கி, கழுத்தையும் கீழ் விளிம்பையும் சுற்றி மஞ்சள் சரிகைக் கரை, கரை முழுக்க வட்டத்துக்குள் சிங்கங்கள். அங்கியின் கை நீளம். வலப்பக்கக் கை விரல் முட்டு வரைக்கும் இறங்கி மணிக்கட்டில் குவிந்து கிடக்கிறது. இடக்கை இடுப்பில் துணியைப் பொத்திப் பிடித்திருக்கிறது. இதை வைத்துப் பேராசிரியை ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தாள். மூத்தோர் முன்னால் கையை மறைக்கும் அரசவை ஒழுக்கமாம் அது. இடுப்பில் வைத்த கை குலப் பெருமையாம். மற்றப் படங்களில் இல்லாத இந்த நீளக் கை, புதிதாக வந்த ஒரு நாகரிகத்தின் தொடக்கமாம். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள்.

பேராசிரியை வெட்டித் தந்த அளவுக்கு முதலில் மலிவு வெள்ளைத் துணியில் ஒன்றைப் பொருத்தி, கிளறா போட்டுப் பார்த்தாள். கழுத்து ஒரு தோளால் வழிந்தது. கீழ் விளிம்பு தரையில் ஒரு முழம் கிடந்தது. நட என்றாள் பேராசிரியை. மூன்றாவது அடியில் காலில் துணி தட்டி, விழப்போன கிளறா இடக்கையால் இடுப்பில் துணியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள்.

“அப்படியே நில்,” என்றாள் பேராசிரியை. “அசையாதே. பார், அதே கை. அதே விரல்கள். இந்த உடை தானாகவே குலப் பெருமையைக் கற்றுக்கொடுக்கிறது.”

கிளறாவின் வாயில் நாலைந்து குண்டூசி இருந்தது. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே வெடித்திருப்பாள். அந்தக் கை எப்படி வந்தது என்று பலெர்மோவில் வீடு துடைக்கிற எந்தத் தமிழ்ப் பெட்டையைக் கேட்டாலும் சொல்லுவாள்.

இது விளங்க விமலராணியின் மாம்பழப் பட்டுச்சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலெர்மோவுக்கு வந்த பெட்டைகள் எவளும் பட்டுச்சேலையோடு வரவில்லை. வந்த வழி அப்படி. ஆனால் ஊருக்குப் படம் அனுப்பத்தான் வேண்டும். கலியாணம் பேச, உயிரோடு இருக்கிறதைக் காட்ட, சாப்பிடுகிறதைக் காட்ட. விமலராணியிடம் கனடா மச்சாள் கொடுத்த ஒரு மாம்பழ நிறப் பட்டு இருந்தது, அதற்கொரு பிளவுஸும் இருந்தது. பிளவுஸ் விமலராணிக்கு அளவு. விமலராணிக்கு அளவென்றால் மற்றவளோடு கூட ஒருத்தி உள்ளே போகலாம். முதுகில் ஆறு சேப்டி பின் குத்தி இழுத்து முன்பக்கத்தைச் சரிபண்ணலாம். கை முழங்கைக்குக் கீழே தொளதொளத்து இறங்குவதை ஒன்றும் செய்ய முடியாது. பின் கழரும் என்ற பயத்தில் இடக்கையால் இடுப்பைப் பொத்திக்கொண்டு, பிரெத்தோரியாச் சதுக்கத்து நீரூற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்த நீரூற்றில் சிலைகள் எல்லாம் அம்மணம். படமெடுக்கிற பீலிக்ஸ், சாமியார் ஏசுவார் என்று, ஒவ்வொரு பெட்டையையும் ஒவ்வொரு சிலையின் மானத்துக்கு முன்னால் பார்த்து நிறுத்துவான்.

இப்படி நாலு வருடத்தில் பதினேழு பெட்டைகள் அந்த ஒரே பட்டில் ஊருக்குப் போனார்கள். பதினேழு படத்திலும் இடக்கை இடுப்பில். அதில் ஒருத்தியான புனிதமலரின் தாய் மன்னாரிலிருந்து அழுது எழுதினாள், இத்தாலிக்குப் போன பெட்டையள் எல்லாம் இடுப்பிலை கை வைச்சுத் திமிராய் நிக்கிறாளவை, என்ரை பிள்ளையும் கெட்டுப்போச்சு என்று. அங்கேயிருந்த தையல்காரி ஒருத்தி இன்னும் மேலே போனாள். முழங்கைக்குக் கீழே தொங்குகிற கை வைத்து பிளவுஸ் தைத்து, பலெர்மோ மொடல் என்று சொல்லி விற்கத் தொடங்கினாளாம்.

பேராசிரியை செய்துகொண்டிருந்ததும் அதே வேலைதான். மன்னார்த் தையல்காரிக்கு அடிக்குறிப்பு எழுதத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாம் இலக்கச் சீமாட்டி போட்டிருப்பது அவளுடைய உடுப்பில்லை. இரவல். கிளறாவுக்கு அதில் துளி சந்தேகமும் வரவில்லை. ஆனால் வரலாறு படித்தவளாச்சே. சும்மா தோன்றுகிறது என்று சொன்னால் பேராசிரியை துடைப்பத்தைக் கையில் தருவாள். இரவல் என்றால் இரவல் கொடுத்தவள் ஒருத்தி இருக்க வேண்டும். அவளைப் பிடிக்க வேண்டும்.

பேராசிரியைக்கு ஒரு பழக்கம். ஒரு சீமாட்டிக்கு ஒரு கோப்பு. ஒரு நேரத்தில் மேசையில் ஒரு கோப்புத்தான் திறந்திருக்கலாம். ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பது சட்டம். ஏழு வருடமாக அவள் அந்த ஆறு பேரையும் ஒருநாளும் ஒரே இடத்தில் கூட்டி வைத்துப் பார்த்ததில்லை. கிளறா வெள்ளிக்கிழமை தூசு தட்டுகிற சாட்டில் ஆறு கோப்பையும் நடைக்கூடத் தரையில் வரிசையாகப் பரப்பினாள்.

ஐந்து நிமிடம் பிடிக்கவில்லை. இரண்டாம் இலக்கக்காரி. நல்ல உயரமும் சதைப்பிடிப்பும் உள்ள மனுசி, இரட்டை நாடி, சாப்பாட்டில் குறை வைக்காத முகம். அதே சிவப்பு, அதே சிங்கக் கரை. அவளுக்கு அந்த அங்கி வார்த்துவிட்ட மாதிரி இருந்தது. கை சரியாக மணிக்கட்டில் நின்றது. கிளறா முழங்காலில் நின்று கீழ் விளிம்புக் கரையில் உள்ள சிங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இடப்பக்கமிருந்து மூன்றாவது சிங்கம் தலைகீழாக நின்றது. மற்றப் படத்தை இழுத்துப் பார்த்தாள். அதிலும் இடப்பக்கமிருந்து மூன்றாவது சிங்கம் தலைகீழ்.

கரை கிழிந்திருக்கிறது. துண்டு போட்ட வேலைக்காரி, என்ன அவசரமோ என்ன எரிச்சலோ, தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். இரண்டு சித்திரகாரரும் தரையளவு குனிந்து, கண்டதைக் கண்டபடி தீட்டிய நேர்மையான கழுதைகள். பேராசிரியையும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. இரண்டு கோப்பிலும் குறிப்பு இருந்தது: சித்திரகாரனின் கவனக்குறைவு, தைக்கும்போது திருத்திக்கொள்க. இரண்டு குறிப்புக்கும் நடுவில் எண்பது பக்கம்.

அன்று மத்தியானம் பேராசிரியை வந்ததும் கிளறா இரண்டு படத்தையும் காட்டிச் சொன்னாள். கோப்புகள் தரையில் கிடந்ததற்கு முதலில் ஐந்து நிமிடம் ஏச்சு விழுந்தது. பிறகு இடுப்புக் கையைப் பற்றிச் சொன்னபோது, உங்கள் நாட்டுப் பழக்கத்தை எங்கள் மத்திய காலத்துக்குள் கொண்டுவராதே என்று ஒரு வெட்டு. பல்கேரியா எப்போது இவளுடையதானது என்று கிளறா கேட்கவில்லை. சிங்கத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

பேராசிரியை பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒரு படத்தைப் பார்த்தாள், மற்றப் படத்தைப் பார்த்தாள், திரும்ப முதல் படம். கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய கழுத்துச் சிவந்தது. கண்ணாடியைக் கீழே வைத்தாள். அவள் மோசமான ஆய்வாளரில்லை, அதுதான் சிக்கலே. மோசமானவளாக இருந்திருந்தால் விளங்கியிருக்காது, பிழைத்திருப்பாள்.

கடைசியில் கணக்காகக் கதைத்தாள். ஆறு உடைகள் என்று சுவரொட்டி அடித்தாயிற்று. ஆறு மேடை கட்டியாயிற்று. நீளக் கை அத்தியாயம் அச்சகத்தில் இருக்கிறது. ஆகவே நாலாம் உடை தைக்கப்படும், அவள் வெட்டிய அளவில், எல்லாச் சிங்கமும் நிமிர்ந்து நிற்க. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் பேனாவால் ஒரு வரி எழுதி, கிளறாவின் பக்கம் திருப்பி வைத்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கம். நாலாம் உடை, உருவாக்கம்: தொத்தொரேஸ்ஸா கிளறா பேனாட்.

“அச்சகத்துக்கு இதை நாளைக்கு அனுப்பலாம்,” என்றாள். “அனுப்பாமலும் விடலாம்.”

மூன்று வருடமாக ஆசைப்பட்டது. மை இன்னும் காயவில்லை. கிளறா அந்த வரியை நாலு தரம் வாசித்தாள். பிறகு, ஓம், தைக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆடிய கூத்தில் ஒரு கோப்பை உடைந்தது. தன்னைத்தான் திட்டினாள். பட்டம் படித்தது பொய்யைக் கண்டுபிடிக்க, அந்தப் பட்டத்தையே அச்சில் போட்டுத்தாறன், பொய்யைத் தை என்கிறாள் மனுசி என்று கத்தினாள்.

விமலராணி வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். “நீயென்ன சுவரிலையிருந்தோ குதிச்சனி? எவளோ செத்தவள், எவளின்ரை உடுப்பைப் போட்டால் உனக்கென்ன? பேர் வருதெல்லே. வாயைப் பொத்திக்கொண்டு தை.”

“பொய்க்குக் கீழை என்ரை பேரை அடிக்கப்போறா அக்கா.”

“எல்லாற்றை பேரும் ஏதோ ஒரு பொய்க்குக் கீழைதான் கிடக்கு. உன்ரை அத்தான் அகதிக்குப் பதிஞ்சது என்னெண்டு நினைக்கிறாய்?”

கொன்ஸ்ரன்ரைன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

கிளறாவுக்குப் பெயர் வேண்டும். பொய் வேண்டாம். இரண்டில் ஒன்று என்று சொன்னவள் மந்தி. அதைக் கேட்டுத் தலையாட்ட இவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த மூன்று கிழமை, பேராசிரியை படிப்பிக்கப் போன பின்னேரங்களில், அவள் பீனாக் கிழவி அங்கே விட்டுப்போன தையல் மெசினில் உட்கார்ந்து தைத்தாள். பேராசிரியை வெட்டித் தந்த சிவப்புத் துணியை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதில் பிழையில்லை, மெலிந்தவளின் படத்திலிருந்து எடுத்த அளவானாலும் உடுப்பு தடித்தவளுடையதுதானே. கையும் விளிம்பும் இரண்டாம் இலக்க உடுப்போடு வைத்துப் பார்த்தபோது ஒரு விரல் வித்தியாசம்கூட இல்லை. கரை மட்டும்தான் மிச்சம். இடப்பக்கமிருந்து மூன்றாவது வட்டத்தை வெட்டி எடுத்து, சிங்கத்தைத் தலைகீழாக்கி, பிணைத்துத் தைத்தாள். பிறகு இரண்டாம் உடுப்பை எடுத்து, பீனாக் கிழவி நிமிர்த்தி வைத்திருந்த அதன் மூன்றாவது சிங்கத்தையும் பிரித்துக் கவிழ்த்துப்போட்டாள். சுவரில் எப்படியோ துணியிலும் அப்படி. இதைக் குழப்படி என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லப்போனால் அந்த ஆறு உடுப்பிலும் ஒழுங்காகப் பார்த்துத் தைத்தவை அவை இரண்டும்தான்.

திறப்பு விழாவன்று காலையில்தான் பொம்மைகளுக்கு உடுத்தி முடித்தார்கள். கரை தரையை ஒட்டிக் கிடந்தது. பேராசிரியைக்கு அன்று குனிய நேரமில்லை. நகரத்துப் பெரிய மனிசரின் கன்னங்களை எட்டி எட்டிக் கொஞ்சிக்கொண்டு திரிந்தாள். கிளறாவைக் கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டையில் வரச் சொல்லியிருந்தாள். எதற்கென்று வந்தபிறகுதான் தெரிந்தது. வைன் கிண்ணங்கள் அடுக்கிய ஒரு தட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். வாசலில் குவித்திருந்த புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் தொத்தொரேஸ்ஸா கிளறா பேனாட் அச்சாகியிருந்தது. தொத்தொரேஸ்ஸா கிளறா பேனாட் இரண்டாவது தட்டத்துக்குப் போனாள்.

சோபியாவிலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். ராதோய் என்று பெயர். அந்தச் சுவரோவியங்களின் புகைக்கரியை முப்பது வருடமாகப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பழுதுபார்த்தவர். பேராசிரியைக்குப் படங்களை எடுத்து அனுப்பியவரும் அவர்தான். துடைக்கிற மனுசருக்குத்தான் மூலை முடுக்குத் தெரியும். மற்றவர்கள் முகத்தையும் முடியையும் பார்த்து ஆகா போட்டபோது அவர் இரண்டாம் மேடைக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, மூட்டு நோவோடு நொண்டி, நாலாம் மேடைக்குப் போய் அங்கேயும் இருந்தார். எண்ணினார். திரும்பிப் பேராசிரியையைப் பார்த்து, இதை ஏன் நான் முப்பது வருடமாகக் காணவில்லை என்று தன்னுடைய உடைந்த இத்தாலியத்தில் கேட்டார்.

மண்டபத்தில் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். பேராசிரியை குனிந்து பார்த்தாள். முகம் கறுத்தது. ஆனால் கெட்டிக்காரி, சமாளித்தாள்.

“தையலில் ஒரு தவறு,” என்றாள். கண்ணால் தேடி, தட்டத்தோடு நின்ற கிளறாவைப் பிடித்தாள். “தொத்தொரேஸ்ஸா கவனிக்காமல் விட்டிருக்கிறார்.”

அவளுடைய வாயால் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. பழியைப் போட ஆள் வேண்டியிருந்தபோது பட்டம் தானாக வந்தது. ஓம், மன்னிக்க வேண்டும் என்று தலையைக் குனிந்தால் போதும். வேலை இருக்கும், பெயர் இருக்கும், திங்கட்கிழமை குளியலறையும் இருக்கும்.

கிளறா நேரே நடந்து வந்து, தட்டத்தைப் பேராசிரியையிடம் நீட்டினாள்.

“ஒரு நிமிசம் இதைப் பிடியுங்கள்,” என்றாள்.

பழக்கதோசத்தில் பேராசிரியையின் கைகள் வாங்கிக்கொண்டன. பதினாறு வைன் கிண்ணம். கீழே வைக்க இடமில்லை. கிளறா கிழவருக்குப் பக்கத்தில் குந்தி, கரையைத் தூக்கிக் காட்டினாள். தவறில்லை, சுவரில் இருக்கிறதைத்தான் தைத்தேன் என்றாள். இரண்டும் ஒரே உடுப்பு. தடித்தவளுடையது, மெலிந்தவள் படத்துக்கு நிற்க இரவல் வாங்கியிருக்கிறாள் என்றாள். நீளக் கை நாகரிகமில்லை, அளவில்லாத உடுப்பு. இடுப்பில் வைத்த கை பெருமையில்லை, விட்டால் வழுகிவிடும் என்ற பயம். அவளுடைய இத்தாலியமும் ஓட்டை, கிழவருடைய இத்தாலியமும் ஓட்டை. ஆனபடியால் இரண்டு பேருக்கும் எல்லாம் தெளிவாக விளங்கியது. கிழவர் சுவரில் அந்தப் பெண்ணின் சலித்த உதட்டை நினைத்தாரோ என்னவோ, திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். இருமல் வருமட்டும் சிரித்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, எங்கே படித்தாய் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றாள். எழுதித் தா என்றார்.

பேராசிரியை தட்டத்தோடு அப்படியே நின்றாள். யாரோ ஒரு பெரிய மனிசர் அதிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் தொலைபேசி வந்தது. இனி வர வேண்டாம். விமலராணி அரைநாள் ஏசினாள். தட்டத்தைக் கொடுத்த இடத்தை மட்டும் மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள், மூன்று தரமும் சிரித்தாள், திரும்ப ஏசினாள். பிறகு ஒரேத்தோத் தெருவில் ஒரு கிழட்டுச் சினோராவுக்குச் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்து வந்து சொன்னதும் அவள்தான்.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிறு பூசை முடிந்து மூன்று பேரும் கண்காட்சிக்குப் போனார்கள். கொன்ஸ்ரன்ரைன் சேர்ட்டின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தான். மண்டபத்தில் கூட்டமில்லை, மூலையில் கதிரையில் ஒரு காவலாளி பந்தய முடிவு வாசித்துக்கொண்டிருந்தான். முதலாம், இரண்டாம், மூன்றாம் மேடை. நாலாம் மேடை வெறுமையாக இருந்தது. பொம்மைகூட இல்லை.

“எங்கையடி நீ தைச்சது?” என்று விமலராணி கேட்டாள்.

மேடையில் ஒரு வெள்ளை அட்டை மட்டும் நின்றது. கிளறா குனிந்து வாசித்தாள். இரண்டாம் உருவமும் நாலாம் உருவமும் ஒரே உடையை அணிந்துள்ளன என்பது புதிய ஆய்வில் தெரியவந்துள்ளது. எனவே நாலாம் உடை அகற்றப்பட்டது. அவ்வளவுதான். மந்தி பொய்யைத் தானாகவே இறக்கிவிட்டாள். அதைச் செய்ய அவளுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கிளறாவுக்குத் தெரியும், அதற்கு ஒரு மரியாதையும் வந்தது. ஆனால் தெரியவந்துள்ளதாம். யாருக்குத் தெரியவந்தது? தூசுக்கோ?

“அக்கா, பேனை இருக்கோ?”

“என்னத்துக்கு?”

“தாங்கோவன்.”

விமலராணி கைப்பையைத் துழாவி ஒரு நீலப் பேனையை எடுத்துக் கொடுத்தாள். கிளறா கயிற்றைத் தாண்டி ஏறி, அட்டையின் அடியில் எழுதத் தொடங்கினாள். கொன்ஸ்ரன்ரைன் பாதி வாசலுக்குப் போய்விட்டான். காவலாளி பத்திரிகையை மடித்துவிட்டு எழும்பி வந்தான். யார் நீ, என்ன செய்கிறாய் என்றான். கிளறா மேடையோரத்தில் பார்வைக்கு வைத்திருந்த கண்காட்சிப் புத்தகத்தை எட்டி எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து அவனுடைய மூக்குக்குக் கீழே பிடித்தாள். பிறகு பெர்மெஸ்ஸோத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரே பெயர்.

காவலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வெறும் மேடையைப் பார்த்தான். அவள் எழுதியதை வாசித்தான்: கண்டுபிடித்தவர், தொத்தொரேஸ்ஸா கிளறா பேனாட்.

தொப்பியைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது தொத்தொரேஸ்ஸா, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தெரியாது என்றான். தன்னுடைய சட்டைப் பையிலிருந்து தடித்த கறுப்புப் பேனை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதிரைக்குத் திரும்பிப் போனான்.

கிளறா அட்டையைத் திருப்பி, வெறும் பக்கம் முழுக்க, கண்டுபிடித்ததையும் கண்டுபிடித்தவளின் பெயரையும் பெரிதாக எழுதினாள்.